குன்றின்மேல் ஊர்கள்: ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும்

(பயணம் குறித்த வாசகர் கேள்வி - பதில்)

சென்ற இதழில் இத்தாலியின் குன்றூர்களைப் பற்றி நான் எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். நானும் தருமபுரிக்காரன் என்பதால் இந்தக் கேள்விகளின் பின்னாலுள்ள மனம் எனக்குப் புரிகிறது. எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு குன்று கண்ணில் படும் மண்ணிலிருந்து போகிறவர்களுக்கு அந்த ஊர்கள் அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

என் மகளும் மருமகனும் ஜெர்மனியில் இருக்கிறார்கள். வரும் மே மாதம் நாங்கள் நால்வரும் இத்தாலிக்குப் போகிறோம். ஒரு நாளைக் குன்றூர்களுக்கு ஒதுக்கி, புளோரன்சிலிருந்து காலையில் காரில் புறப்பட்டு சான் ஜிமிஞானோ, மோந்தெரிஜோனி, சியெனா, பியென்சா, மோந்தெபுல்சானோ ஆகிய ஐந்து ஊர்களையும் பார்த்துவிட்டு இரவு திரும்பலாம் என்கிறார் மருமகன். எனக்கு வயது அறுபத்து நான்கு, மனைவிக்கு அறுபது. இது சரிப்பட்டு வருமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், அரூர்

மருமகனின் ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை, ஐயா. ஆனால் இந்தத் திட்டத்தைத் தயவுசெய்து கைவிடச் சொல்லுங்கள். ஐந்து ஊர்களையும் சுற்றிக்கொண்டு புளோரன்சுக்குத் திரும்ப 250 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அதில் கணிசமான பகுதி திராட்சைத் தோட்டங்களுக்கும் கோதுமை வயல்களுக்கும் இடையே ஏறி இறங்கி வளைந்து போகும் குறுகிய சாலை. ஒவ்வோர் ஊரிலும் மதிலுக்கு வெளியே காரை நிறுத்த இடம் தேடி, அங்கிருந்து ஊர்வாசல் வரை நடந்து ஏறி, மறுபடி இறங்கி வருவதற்குள் அரை மணி நேரம் கரைந்துவிடும். மிஞ்சிய நேரத்தில் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்கள் போலத் தெருவில் ஓடி, நான்கு படங்கள் எடுத்துக்கொண்டு திரும்புவீர்கள். ஊர் திரும்பியபின் படங்களைப் புரட்டும்போது எது எந்த ஊர் என்பதே உங்களுக்குள் விவாதமாகிவிடும்.

என் யோசனை இதுதான்: ஒரு நாளுக்கு ஓர் ஊர், அந்த ஊரின் மதிலுக்குள்ளேயே ஓர் இரவு. சுற்றுலாப் பேருந்துகள் காலை பத்து மணியளவில் வந்து மாலை ஐந்து மணியளவில் போய்விடுகின்றன. பகலில் வந்துபோகிறவர்கள் பார்ப்பது கூட்டத்தைத்தான். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற ஊரை அங்கே தங்குகிறவர்கள் மட்டுமே பார்க்கிறார்கள்.

நானும் என் மனைவியும் ஒரு மே மாதத்தில் சான் ஜிமிஞானோவில் ஒரு மாடி அறையில் தங்கினோம். காலை ஆறரை மணிக்கு இறங்கி நடந்தபோது தெருவில் எங்கள் காலடிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஊரின் நடுவே முக்கோணமாக விரிகிற சதுக்கத்துக்குக் கிணற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: பியாத்சா தெல்லா சிஸ்தெர்னா. 1273இல் கட்டி 1346இல் பெரிதாக்கிய அந்தக் கிணறு நான்கைந்து படிகள் கொண்ட எண்கோண மேடையின்மேல் இருக்கிறது. அதன் கல்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தேன். விளிம்பு நெடுகத் தாம்புக்கயிறு அறுத்த பள்ளங்கள். சிலவற்றில் என் விரல் முழுதாகப் பதிந்தது. எங்கள் ஊர்ச் சேந்துகிணற்றின் கல்லிலும் இதே பள்ளங்களை நான் சிறுவயதில் தடவியிருக்கிறேன். அறுநூறு, எழுநூறு ஆண்டுகளாகத் தண்ணீர் சேந்திய பெண்களின் கை அந்தக் கல்லில் இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். அந்தக் கிணற்றடியில் நாங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உங்கள் மருமகனின் திட்டப்படி அந்த ஊர் முழுவதற்குமே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான்.

அந்த ஊரின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் பார்வை இன்னும் துலங்கும். வடக்கிலிருந்து ரோமாபுரிக்கு யாத்திரிகர்கள் நடந்துபோன வியா பிராஞ்சிஜெனா என்ற பெருவழி இதன் வழியாகச் சென்றது. வழிப்போக்கர்களாலும் குங்குமப்பூ வணிகத்தாலும் செல்வம் சேர்ந்தது. செல்வம் சேர்ந்த குடும்பங்கள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வீடு கோபுரம் எழுப்பின. எழுபத்திரண்டு கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று பதினான்கு நிற்கின்றன. 1348இல் கொள்ளைநோய் வந்து மக்களில் பெரும்பகுதியை அள்ளிச் சென்றது. 1353இல் ஊர் புளோரன்சின் ஆட்சிக்குள் போயிற்று, வணிகம் நொடித்தது. பழைய கட்டடங்களை இடித்துப் புதுப்பாணியில் கட்டுவதற்குக் கையில் பணம் இல்லாமல் போனதால்தான் அந்தக் காலத்து ஊர் அப்படியே நமக்குக் கிடைத்திருக்கிறது. 1990இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வெயில் ஏறுமுன் தோரே குரோசா என்ற பெரிய கோபுரத்தில் ஏறிவிடுங்கள். 54 மீட்டர் உயரம். 1311இல் கட்டி முடிக்கப்பட்டது. உங்கள் மனைவிக்கு ஏற முடியாவிட்டால் வருந்த வேண்டாம். புளோரன்சுக்காரர்கள் கட்டிய பழைய கோட்டை ஊரின் மேற்குப் பக்கத்தில் இடிந்து கிடக்கிறது. அதன் உள்முற்றத்தில் ஒலிவ மரங்கள் நிற்கின்றன. கட்டணம் கிடையாது. அந்த நிழலில் உட்கார்ந்தாலே கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். பத்து மணிக்குக் கூட்டம் வந்ததும் பெரிய தேவாலயத்துக்குள் போய்விடுங்கள். இடப்பக்கச் சுவரில் பழைய ஏற்பாட்டுக் கதைகளும் வலப்பக்கச் சுவரில் ஏசுவின் வாழ்க்கையும் வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. எழுத்தறியாதவர்களுக்குக் கதை சொல்வதற்கென்றே வரைந்த சுவர்கள் அவை. நம் கோயில் விதானங்களில் புராணக் காட்சிகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு அவற்றின் முறை உடனே பிடிபடும். மதிய உணவுக்குப் பின் அறைக்குத் திரும்பிப் படுத்துவிடுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு ஓய்வெடுக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் மறுபடி இறங்குங்கள். ஊர்க்காரர்கள் பேரப்பிள்ளைகளோடு வேறு வேலை எதுவும் இல்லாமல் தெருவில் மேலும் கீழும் நடப்பார்கள். அதற்கு பசெஜாதா என்று பெயர். அந்த நடையில் நீங்கள் நால்வரும் சேர்ந்துகொள்ளலாம்.

இன்னோர் ஊர் பார்த்தே ஆகவேண்டும் என்று மருமகன் வற்புறுத்தினால், மறுநாளைக்கென்று பியென்சாவை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கோர்சிஞ்ஞானோ என்ற பெயரோடு இருந்த அந்தக் குக்கிராமத்தில் 1405இல் பிறந்த ஒருவர் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். 1459இல் தாம் பிறந்த ஊர் வழியாகச் சென்றபோது அதன் சீரழிவைக் கண்டு மனம் நொந்து, பெர்னார்தோ ரோசெல்லினோ என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு மூன்றே ஆண்டுகளில் தேவாலயமும் மாளிகையும் சதுக்கமுமாகப் புதுக்கிவிட்டு, தம் பெயரையும் அதற்குச் சூட்டினார். பிறந்த மண்ணுக்கு ஒருவர் செய்த கைம்மாறாகவே நான் அந்த ஊரைப் பார்க்கிறேன். மதிலோரப் பாதையில் நின்றால் ஒர்ச்சா பள்ளத்தாக்கும் அதற்கப்பால் 1,738 மீட்டர் உயரமுள்ள அமியாத்தா மலையும் தெரியும். ஊரை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். அந்தப் பாதையில் நிற்பதற்குத்தான் நேரம் வேண்டும்.

நம் பக்கத்தில் மலைமேல் கோட்டையும் கோயிலும் இருக்கின்றன. மக்கள் அடிவாரத்தில்தான் குடியிருக்கிறோம். இத்தாலியர்கள் மட்டும் ஏன் ஊரையே குன்றின்மேல் வைத்தார்கள்?
— கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

மிக நல்ல கேள்வி, அம்மா. முதல் காரணம் பாதுகாப்பு. ரோமுக்கும் முற்பட்ட எத்ருஸ்கர்கள் காலத்திலேயே ஒர்வியெத்தோ, வோல்தெர்ரா, கொர்தோனா போன்ற ஊர்கள் உயரத்தில் அமைந்துவிட்டன. ரோமப் பேரரசு சரிந்தபின் சமவெளியில் படைகள் வருவதும் கொள்ளையடிப்பதும் வழக்கமானபோது, மேலே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அடுத்த காரணம் காய்ச்சல். மேற்குக் கடலோர மரெம்மா போன்ற தாழ்நிலங்கள் சதுப்பாகக் கிடந்தன, கொசு மொய்த்தது. கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று நம்பியவர்கள் அதை 'மாலா ஆரியா' என்றார்கள். மலேரியா என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டாலும், மேட்டில் குடியிருந்தால் நோய் குறையும் என்ற அவர்களுடைய அனுபவம் சரியாகவே இருந்தது. அடிவாரத்து வளமான நிலத்தை வீடு கட்டி வீணாக்காமல் பயிருக்கு விட்டுவைத்ததும் இதில் கிடைத்த இன்னொரு பயன்.

நம் குன்றுகள் வேறு மாதிரி. கிருஷ்ணகிரிக் கோட்டை இருக்கும் சையத் பாஷா மலையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அது வழுக்கும் மொட்டைப் பாறை. மண் இல்லை, மழைநீர் தேங்கும் சுனைகளைத் தவிர வேறு தண்ணீரும் இல்லை. ஒரு காவற்படை அங்கே தாக்குப்பிடிக்கலாம். ஆயிரம் குடும்பங்கள் வாழ முடியாது. அதனால் படை மேலேயும், பேட்டை ஏரிக்கரையை ஒட்டிக் கீழேயும் அமைந்தன. கோட்டை என்ற அளவில் அது தன் வேலையைச் செய்தே இருக்கிறது. 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை திப்பு சுல்தானின் கைவசமிருந்த அந்தக் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் நம் வட்டாரமான பாராமகால் முழுவதும் கைமாறியபோதுதான் அது அவர்களுக்குக் கிடைத்தது.

மலைமேல் ஊர் வைத்தவர்களுக்கும் தண்ணீர்தான் பெருங்கவலை. அதற்கு ஒர்வியெத்தோவில் ஒரு சான்று உண்டு. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி வந்த போப் ஏழாம் கிளெமெந்து, முற்றுகை வந்தால் ஊர் தாகத்தால் வீழ்ந்துவிடுமே என்று அஞ்சி, இளைய அந்தோனியோ தா சாங்கல்லோவைக் கொண்டு ஒரு கிணறு தோண்டத் தொடங்கினார். 1537இல் முடிந்தது. ஆழம் 53 மீட்டர். கிணற்றைச் சுற்றி இரண்டு திருகுப் படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். ஒன்று இறங்குவதற்கு மட்டும், மற்றொன்று ஏறுவதற்கு மட்டும். இரண்டும் அடியில் ஒரு சிறு பாலத்தில் மட்டுமே சந்திக்கின்றன. குடத்தோடு ஏறும் கோவேறு கழுதையும் வெறுமையாக இறங்கும் கழுதையும் வழியில் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. உட்சுவரில் வெட்டிய சாளரங்களின் வழியாக மேலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. நான் பாதி ஆழத்தில் நின்று எதிர்ச் சாளரத்தைப் பார்த்தபோது, அங்கே ஒரு சிறுமி என்னைப் பார்த்துக் கையசைத்தாள்; இறுதிவரை நாங்கள் எதிரெதிரே வரவே இல்லை. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் யாராவது உங்களோடு இருந்தால் அந்தக் கிணற்றின் படத்தைக் காட்டுங்கள்.

கார் எடுப்பது நல்லதா, பேருந்தும் ரயிலும் போதுமா? எனக்கு நன்றாக ஓட்ட வரும்.
— தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

ஓட்டத் தெரிவது போதாது, தம்பி. எங்கே ஓட்டக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குன்றூர்களின் பழைய பகுதிகளில் வெளியூர் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு போட்ட பலகையும், அதன்கீழ் 'சோனா திராஃபிகோ லிமிதாதோ' என்ற எழுத்தும் தெரிந்தால் அதற்குமேல் ஒரு அடிகூட நகரக் கூடாது. காவலர் யாரும் தடுக்க மாட்டார், தடுப்புக் கம்பியும் இராது; கேமரா எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளும். எனக்கே இது நேர்ந்தது. தங்கும் விடுதியைத் தேடிக்கொண்டு ஒரே தெருவில் இரண்டு முறை நுழைந்துவிட்டேன். முதலில் கார் கொடுத்த நிறுவனம் நிர்வாகக் கட்டணம் பிடித்தது. பல மாதங்கள் கழித்துத் தருமபுரி வீட்டுக்கு இரண்டு தனித்தனி அபராதக் கடிதங்கள் வந்தன. விடுதி மதிலுக்குள் இருந்தால், உங்கள் கார் எண்ணை முன்கூட்டியே நகராட்சியில் பதிவு செய்ய முடியுமா என்று விடுதிக்காரரிடம் கேட்டு, உறுதி கிடைத்த பிறகு நுழையுங்கள். நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு உள்ளூராருக்கும் சிறப்பு அனுமதி பெற்றவர்களுக்கும். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். அது ஓராண்டுக்குச் செல்லும்.

கார் இல்லாமலும் அழகாகப் பார்க்கலாம். புளோரன்சுக்கும் ரோமுக்கும் இடையிலான ரயில் பாதையிலேயே ஒர்வியெத்தோ இருக்கிறது. சான் ஜிமிஞானோவுக்கு போஜிபோன்சி வரை வந்து பேருந்து மாற வேண்டும். வட்டார ரயிலுக்குத் தாள் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள மறக்காதீர்கள்; குத்தாத சீட்டுக்கு அபராதம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் மிகக் குறைவு. பியென்சா பக்கம் போவதற்கு மட்டும் கார் இருந்தால் நல்லது என்பேன்.

அப்பாவுக்கு எழுபத்தொரு வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?
— காவேரிப்பட்டணம் வாசகர்

தாராளமாகக் கூட்டிப் போங்கள், ஊரைத் தேர்ந்தெடுத்துப் போங்கள். ஒர்வியெத்தோவில் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கம்பிவட இழுவை ரயில் காத்திருக்கும். 1888இல் முதன்முதலில் ஓடத் தொடங்கியது. சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய் விடும்; மேலே ஊர் ஓரளவு சமதளம், 1290இல் தொடங்கிய பெருந்தேவாலயம் வரை சிறு பேருந்தும் உண்டு. மேற்சொன்ன கிணற்றில் மட்டும் அவரை இறக்க வேண்டாம். பெருஜாவில் பழைய கோட்டையின் அடித்தளத்துக்குள் புகுந்து நகரும் படிக்கட்டுகள் ஊர்நடுவே கொண்டுவிடுகின்றன. சியெனாவிலும் ரயில் நிலையத்திலிருந்து மேலே செல்ல நகரும் படிகள் இருக்கின்றன. மோந்தெபுல்சானோ வேண்டாம், அதன் முதன்மைத் தெருவே நெடிய ஏற்றம். எங்கே போனாலும் தெருவில் பாவியிருப்பது கல். அடிப்பாகம் வழுக்காத மூடிய காலணி அவசியம்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க நேருமா?
— இல்லத்தரசி, பாலக்கோடு

நேராது. புளோரன்சைச் சுற்றியுள்ள தஸ்கனி வட்டாரத்து உழவர்களின் சமையலில் இறைச்சி அபூர்வமாகத்தான் சேர்ந்தது. பழைய ரொட்டி, வெள்ளை மொச்சை போன்ற பயறு, கருங்கீரை சேர்த்துக் கொதிக்க வைக்கும் ரிபொல்லீதா, தக்காளியும் ரொட்டியும் குழைந்த பாப்பா அல் பொமொதோரோ, கையால் உருட்டிய தடித்த பீச்சி என்ற சேமியாவுக்குப் பூண்டும் தக்காளியும் சேர்த்த சாறு ஆகிய மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். கஞ்சிப் பதத்தில் வரும் அந்த ரிபொல்லீதாவை என் மனைவி இரண்டு நாள் தொடர்ந்து வாங்கிச் சாப்பிட்டாள். ஆனால் இறைச்சிச் சாறு கலந்திருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். 'சென்சா கார்னே, சென்சா பெஷே' என்றால் இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று பொருள். பெக்கொரீனோ என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைக் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால் உறைய வைக்கிறார்கள். மிகவும் கண்டிப்பான சைவர்கள் தவிர்ப்பார்கள்.

அங்குள்ள ரொட்டியில் உப்பு இருக்காது. கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். நம் களியைப் போல அது சாற்றோடும் எண்ணெயோடும் சேர்ந்தே ருசி பெறுவது. ரசீதில் 'கொபெர்தோ' என்று தலைக்கு இரண்டு, மூன்று யூரோ இருந்தால் அது அமர்ந்து உண்பதற்கான வழக்கமான கட்டணம். மதிய உணவை இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஏழு ஏழரை வரை பெரும்பாலான சமையலறைகள் மூடியிருக்கும்.

எந்த மாதம் போவது நல்லது?
— மா விவசாயி, போச்சம்பள்ளி

உங்களுக்குச் செப்டம்பர் பிற்பகுதியும் அக்டோபரும்தான். மா அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும். அங்கே திராட்சை அறுவடை நடந்துகொண்டிருக்கும், ஒலிவ அறுவடை தொடங்கும். மரத்தடியில் வலை விரித்து ஒலிவக் காய்களை உதிர்ப்பதை ஒரு விவசாயி பார்க்காமல் திரும்பக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் வெயிலுக்குச் சளைத்ததல்ல. தவிர ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாள்களில் சியெனாவில் பாலியோ குதிரைப் பந்தயம் நடப்பதால் அந்த வாரங்களில் அறை கிடைப்பது அரிது.

நான் கிரானைட் தொழிலில் இருக்கிறேன். கல் சம்பந்தமாகப் பார்க்கவோ வாங்கிவரவோ அந்த ஊர்களில் ஏதாவது உண்டா?
— வாசகர், பர்கூர்

உங்களுக்கென்றே வோல்தெர்ரா இருக்கிறது. எத்ருஸ்கர்கள் அஸ்திக் கலசம் செதுக்கிய காலத்திலிருந்து அந்த ஊரின் தொழில் அலபாஸ்தர் என்ற கல்தான். நம் கிரானைட்டுக்கு நேர் எதிரான குணம்; நகத்தால் கீறினாலே தடம் விழுகிற மென்மை, மெலிதாகக் கடைந்தால் விளக்கொளி ஊடுருவும். தெருவோரப் பட்டறைகளின் வாசலில் வெண்தூள் படிந்திருப்பதை வைத்தே அடையாளம் காணலாம். நான் நின்ற பட்டறையில் ஒரு முதியவர் ஒரு கிண்ணத்தைக் கடைந்துகொண்டிருந்தார். அவ்வப்போது நிறுத்தி, அதை சாளரத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, வெளிச்சம் ஒரே சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் உளியை வைத்தார்.

அங்கிருந்து நேரம் கிடைத்தால் தெற்கே சிவிதா தி பாஞ்ஞோரெஜோவுக்கும் போய் வாருங்கள். எரிமலைச் சாம்பல் இறுகிய கல்லின்மேல் ஊர். அதன்கீழ் வெறும் களிமண். மழையும் ஓடையும் களிமண்ணை அரித்துக்கொண்டே போக, ஊரின் ஓரங்கள் பெயர்ந்து விழுகின்றன. 1695இல் நிலநடுக்கம் வந்தபின் பெரும்பாலோர் வெளியேறினார்கள். இப்போது ஒரு நீண்ட நடைபாலம் மட்டுமே அதற்கு வழி, நுழைவுக் கட்டணமும் உண்டு. கல்லை அறிந்தவர் நீங்கள். பாலத்தில் நின்று அடிப்பகுதியின் நிறம் எங்கே மாறுகிறது என்று பார்த்தாலே கதை முழுவதும் புரிந்துவிடும். வோல்தெர்ராவில் கிண்ணம் ஏதும் வாங்கினால் பருத்திப் புடவையில் சுற்றிக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் தண்ணீரில் ஊறக் கூடாது. வீட்டில் வைத்தபின் உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கச் சொல்லுங்கள்.